கொட்டாஞ்சேனை நாலு பாடிய மாலை

போன கிழமை நம் பறவைப் பாட்டுப் பதிவறைக்கு வந்தபோது, எறிவதற்கென்று நீங்கள் ஒதுக்கி வைத்திருந்த ஒலிநாடாப் பெட்டிக்குள் கைவிட்டுத் துழாவினேன். பழைய புத்தி போகவில்லை. "பழுது. பாட்டு நடுவில் அறுகிறது. வாகன இரைச்சல், விசில், ஆட்கள் பேசும் சத்தம்" என்று ஒரு நாடாவின் மேல் உங்களில் யாரோ அழகான கையெழுத்தில் எழுதி ஒட்டியிருந்தார். அதை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். ஓய்வுபெற்றவள் அலுவலகச் சொத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள் என்று முறையிடுவதானால் முறையிடுங்கள். அதற்கு முன்னால் இதை வாசியுங்கள்.

இன்னொன்றும் கேட்டீர்கள். ஒரு கட்டத்துக்குப் பிறகு வந்த எல்லா நாடாக்களும் "மே குருல்லெக். இது குருவி" என்று சிங்களத்திலும் தமிழிலும் ஓர் ஆண்குரல் சொல்வதோடுதான் தொடங்குகின்றன. குருவி என்று தெரியாமலா நாங்கள் கேட்கப்போகிறோம் என்று சிரித்தீர்கள். சிரியுங்கள். அதைக் கேட்டுச் சிரிக்கக்கூடிய காலத்தில் வேலைக்கு வந்திருக்கிறீர்கள், அது எனக்குச் சந்தோஷம். உங்கள் சிரிப்புக்கும் அந்தப் பழுதான நாடாவுக்கும் காரணம் ஒரே நாளில்தான் இருக்கிறது.

யுத்த காலத்தில் நாங்கள் தொடர்ந்துகொண்டிருந்தது வண்ணாத்திக்குருவியை. சிங்களத்தில் பொல்கிச்சா. கறுப்பும் வெள்ளையுமாக, வாலை நிமிர்த்திக்கொண்டு, தொலைக்காட்சி அன்டெனாவில் உட்கார்ந்து, இந்த ஒழுங்கை, தெரு முழுவதும் தன் முதுசச் சொத்து என்பதுபோலப் பாடுவானே, அவன்தான். ஓர் ஆண்குருவியின் பாட்டு இன்னொன்றுக்கு இராது. எடுக்கும் விதம், இழுக்கும் விதம், கடைசியில் முடிக்கும் விதம் எல்லாம் ஆளுக்கு ஆள் வேறு. காது பழகிவிட்டால், கதவைத் தட்டுகிற விதத்தைக் கொண்டே வந்திருப்பது யார் என்று வீட்டுக்காரர் சொல்வதுபோலச் சொல்லிவிடலாம். மற்ற இடங்களில் வலை போட்டுப் பிடித்துக் காலில் வளையம் மாட்டுவார்கள். யுத்த காலக் கொழும்பில் வலை விரிப்பதாவது! தொலைநோக்கியைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு துறைமுகப் பக்கம் நடந்தாலே போதும், அன்றிரவு வீட்டுச் சாப்பாடு கிடைக்காது. அதனால் எங்களுக்குக் காதுதான் வளையம், காதுதான் தொலைநோக்கி.

குருவிகளுக்கு நாங்கள் வைத்த பெயர் இடத்தின் பெயரும் ஒரு இலக்கமும். என் வீட்டுக்குக் கிட்ட, கடற்கரை ரயில் பாதையோரம் பாடியவன் வெள்ளவத்தை ஒன்று. கொட்டாஞ்சேனையில் பழைய மாதா கோயில் வளவில் நெடுநாள் ஆட்சி செய்தவன் கொட்டாஞ்சேனை மூன்று. ஒவ்வொரு பதிவின் முடிவிலும் இடம், இலக்கம், அவன் எங்கே இருக்கிறான், என்ன செய்கிறான் என்பதைச் சுருக்கமாக வாயால் சொல்லிவிட வேண்டும். இன்றைக்கும் நீங்கள் அப்படித்தான் செய்கிறீர்கள். நாங்கள் விட்டது ஒன்றே ஒன்று. எந்தப் பறவை என்று சொல்ல மாட்டோம். அந்த வருடங்களில் நாங்கள் பதிந்தது வண்ணாத்திக்குருவியை மட்டும்தானே, அதை ஒவ்வொரு தடவையும் ஏன் சொல்ல வேண்டும் என்று விட்டுவிட்டோம். நாடா விலை, பற்றரி விலை, வாய் நோகும். எங்களில் ஒருவருக்கும் அது பிழையாகத் தெரியவில்லை.

என்னோடு வேலை செய்தவர் தியாகு. பண்டாரவளைப் பக்கத் தோட்டத்தில் பிறந்தவர், என் வயதுதான் இருக்கும், கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் அறை எடுத்துத் தங்கியிருந்தார். அவரைப்போல ஒலிவாங்கியை ஆடாமல் பிடிப்பவரை நான் பிறகு காணவில்லை. மூன்று மொழியிலும் பகிடி விடுவார். தூரத்துப் பாட்டைக் குவித்துப் பிடிக்க ஒலிவாங்கிக்குப் பின்னால் ஒரு குழிவான தட்டு வேண்டும். வெளிநாட்டிலிருந்து வாங்கப் பணம் இல்லாததால் புறக்கோட்டையில் பொரிக்கிற அலுமினியத் தாச்சி ஒன்றை வாங்கி, நடுவில் ஓட்டை போட்டு ஒலிவாங்கியைப் பொருத்திவிட்டார். எங்களுக்குள் அதற்குப் பெயரும் தாச்சிதான்.

கோயில் வளவுக்கு எதிரே ஒரு சோதனைச் சாவடி இருந்தது. அங்கே நின்றவர்களுக்கு எங்களைத் தெரியும். தாச்சியைக் கண்டால், "இன்றைக்கு என்ன பொரியல்?" என்று கேட்பார்கள். ஆனால் அந்தக் கிழமை நகரம் பதறிப்போயிருந்தது. பழைய ஆட்களை மாற்றிப் புதியவர்களைப் போட்டிருந்தார்கள். நாங்கள் அதை யோசிக்கவில்லை. விடியற்காலைப் பதிவை முடித்துக்கொண்டு, வழக்கம்போல ஆளுக்கொரு பையோடு சாவடியைத் தாண்டப்போனோம். விசில் ஊதினார்கள்.

பையைத் திறந்தார்கள். தாச்சியைப் பார்த்ததும் ஒருவருக்கும் பொரியல் ஞாபகம் வரவில்லை. பக்கத்திலிருந்த பொலிஸ் அறைக்கு எங்களைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அங்கே இருந்த இன்ஸ்பெக்டர் நடுத்தர வயதுக்காரர், கண் சிவந்து, நித்திரையே காணாதவர்போல இருந்தார். வவுனியாவில் சில வருடம் வேலை செய்தவராம், தமிழ் ஓரளவு விளங்கும். ஒலிப்பதிவுக் கருவியை மேசையில் வைத்து அழுத்தினார். காலைப் பதிவு ஓடியது. கொஞ்சம் குருவிச் சத்தம், பிறகு தியாகுவின் குரல்:

"கொட்டாஞ்சேனை மூணு இன்னைக்கும் இல்ல. நாலு அவன் எடத்துக்கு வந்துட்டான். செக்பொயின்ட்டுக்கு நேர் எதிர்ல நிக்கிறான். வெளிச்சம் வந்ததுல இருந்து கவனிச்சிட்டிருக்கோம்."

எத்தனையோ தடவை கேட்ட வாசகம். அன்றைக்குத்தான் அதை வேறொருவருடைய காதால் கேட்டேன். இனி என்ன சொல்லி இதைக் கழுவுவது?

இன்ஸ்பெக்டர் தமிழிலேயே கேட்டார்.

"மூணு யார்? எங்கே போனான்?"

"சேர், அது குருவி," என்றார் தியாகு. சிங்களத்தில், கெஞ்சும் குரலில். "பொல்கிச்சா, சேர். ஆள் இல்லை."

"குருவிக்கு எவனாவது இலக்கம் வைப்பானா?"

நான் விளக்கினேன். பாட்டு, அடையாளம், ஆளுக்கு ஆள் வேற்றுமை, எல்லாவற்றையும் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கொட்டினேன். சொல்லச் சொல்ல, பொய் சொல்பவளைப்போலத்தான் இருந்தது. அலுவலகத்தோடு பேச அனுமதி தந்தார். தலைவர் வெளியூரில். தொலைபேசியை எடுத்தவர் நாளைக்குக் கடிதம் கொண்டுவந்து தருவதாகச் சொன்னார். நாளைக்கு!

என் அடையாள அட்டையையும் அலுவலக அட்டையையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு இன்ஸ்பெக்டர் சொன்னார். "மிஸ், நீங்கள் போகலாம். வெள்ளவத்தை விலாசம் சரியாக இருக்கிறது. இவர் தற்காலிக ஊழியர். அட்டையில் தோட்டத்துப் பெயர் மட்டும்தான் இருக்கிறது, குரலும் இவருடையது. பொழுதுபடுவதற்கு முன் ட்ரக் வரும். அதில் அனுப்ப வேண்டியிருக்கும்."

அந்த ட்ரக்கில் ஏறுவது என்றால் என்ன என்று அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும். ஏறியவரை எந்த முகாமில் தேடுவது, யாரைக் கேட்பது, எத்தனை மாதம் அலைவது என்று ஒன்றும் தெரியாது. தியாகு என்னைப் பார்க்கவில்லை. தாச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் போகேல்லை," என்றேன். அதைச் சொன்னது துணிச்சலில் இல்லை. வெளியே போய் பஸ் ஏறி, வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து, என்ன சாப்பிடுவேன், எப்படிச் சாப்பிடுவேன் என்று தோன்றியது. அவ்வளவுதான்.

இன்ஸ்பெக்டர் ஒலிப்பதிவுக் கருவியை என் பக்கம் தள்ளினார். பிறகு, "சரி. குருவிதான் என்றால் காட்டுங்கள். இந்த மெஷினில் பாட்டைப் போட்டால் வருமா? வந்து பாடட்டும். இப்போதே," என்றார்.

நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டிய இடம் இது.

வெளியே உச்சி வெயில். எங்கள் பையில் வெள்ளவத்தை ஒன்றின் பாட்டு உள்ள நாடாப் பிரதி ஒன்று இருந்தது. பாடாமல் ஒளிந்திருக்கும் குருவியை வெளியே இழுக்க, தூரத்து இடத்துக் குருவியின் பாட்டைப் போட்டுக் காட்டுவது எங்கள் வழக்கம். பக்கத்து வளவுக்காரனின் பாட்டுக்கு அவன் அவ்வளவாக அசையமாட்டான், அது பழகின குரல். முன்பின் கேட்டிராதவன் தன் எல்லைக்குள் பாடினால்தான் எழும்பி வருவான். ஆனால் உச்சி வெயிலில் வண்ணாத்திக்குருவி இலைக்குள் பதுங்கி, செத்ததுபோல இருக்கும். ஒரு தடவை போட்டு வராவிட்டால், இரண்டாம் தடவை போடச் சொல்வார்கள், மூன்றாம் தடவை சொல்வார்கள். கேட்டுக் கேட்டு அவனுக்கு அந்தக் குரல் புளித்துவிடும். பின்னேரம் வரக்கூடியவனும் வராமல் போய்விடுவான்.

"இப்ப போட்டா வராது, சேர்," என்றேன். "பின்னேரம், பொழுதுபடுவதற்கு முன்னம் அது பாடும் நேரம் ஒன்று இருக்கிறது. அதுவரைக்கும் பொறுங்கள்."

"ட்ரக்கும் அந்த நேரம்தான் வரும்."

"அதுக்கு முன்னம் குருவி வரும்."

"வராவிட்டால்?"

அப்போது தியாகு தமிழில், தணிந்த குரலில் சொன்னார்:

"மிஸ், ஒரு தடவ போட்டுப் பாத்துருவோமே. வந்தாலும் வந்துரும். நீங்க போகப்போறவங்க. நான்ல ஏறப்போறேன்."

என் உத்தியோக வாழ்க்கையில் என்னைக் குத்திய வார்த்தை அதைப்போல வேறில்லை. அவர் சொன்னதும் நியாயம்தான். அவருடைய உயிரை வைத்து நான் யார் தீர்ப்புச் சொல்ல? ஆனால் அவர் பயத்தில் கேட்கிறார், இன்ஸ்பெக்டர் அலுப்பில் கேட்கிறார், குருவியை அறிந்து கேட்பவர் அங்கே ஒருவரும் இல்லை. தியாகுவுக்கும் அது தெரியும். பயம் அவரை மறக்கப்பண்ணியிருந்தது.

"தியாகு, இப்ப போட்டா இருக்கிற ஒரு வழியும் போயிடும். உங்களுக்கே தெரியும். என்னோட கோவிச்சுக்கொள்ளுங்கோ, பரவாயில்லை. நான் போடமாட்டன்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இன்ஸ்பெக்டர் மேசையில் கையால் ஓங்கித் தட்டிவிட்டு எழுந்து வெளியே போனார். எங்களைச் சுவரோர வாங்குப் பலகையில் உட்கார வைத்தார்கள். நாலு அங்குலம் தள்ளி உட்கார்ந்த தியாகு அன்று பகல் முழுவதும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தார்.

பின்னேரம் வானம் இருண்டு மழை கொட்டியது. நான் போகாத கோயிலுக்கெல்லாம் நேர்த்தி வைத்தேன். எதிரே தெரிந்த மாதாவுக்கும் வைத்தேன். மழை நின்றதும் மஞ்சள் வெயில் அடித்தது. அதைக் கண்டதும் மனது கொஞ்சம் எழும்பியது. மழை விட்ட பின்னேரம் பாட்டுக்கு நல்ல நேரம்.

எழும்பிய மனது அதே வேகத்தில் விழுந்தது. ட்ரக் வந்துவிட்டது.

தியாகுவை எழுந்து நிற்கச் சொன்னார்கள். நான் இன்ஸ்பெக்டரின் முன்னால் போய் நின்றேன். "சேர், இப்ப. இப்பதான் நேரம்."

அவர் கைக்கடிகாரத்தையோ ட்ரக்கையோ பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார். சரியென்று தலையை ஆட்டினார்.

சாவடிக்கு முன்னால், மணல் மூட்டைகளுக்குப் பக்கத்தில் கருவியை ஒரு தார்ப் பீப்பாவின் மேல் வைத்தேன். முதலில் காலைப் பதிவை ஓடவிட்டு, "நாலு எப்படி முடிக்கிறான் எண்டதை மட்டும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், சேர்," என்றேன். அவனுடைய பாட்டின் கடைசியில் நீளமாக ஒன்று, குட்டையாக ஒன்று, இரண்டு கூர்மையான சுரம் வரும். வேறு எந்தக் குருவியும் அப்படி முடிப்பதில்லை. இன்ஸ்பெக்டர் புருவத்தைச் சுருக்கிக் கேட்டார். பிறகு நாடாவை மாற்றி வெள்ளவத்தை ஒன்றைப் போட்டேன்.

காகம் கத்தியது. ட்ரக் இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது, இன்ஸ்பெக்டர் கையைக் காட்ட அதை நிறுத்தினார்கள். வெள்ளவத்தை ஒன்று பாடி முடித்தது. ஒன்றும் இல்லை. இன்னொரு தடவை பாடியது. கோயில் வளவு மாமரத்தில் இலை கூட அசையவில்லை.

மூன்றாவது பாட்டுக்கு நடுவில் அவன் வந்தான். மரத்திலிருந்து நேராக, எங்கள் தலைக்கு மேலால், முட்கம்பிச் சுருளின் மேல் வந்து இறங்கி, வாலை விரித்து நிமிர்த்தினான். அவ்வளவு கோபம் அந்தச் சின்ன உடம்புக்குள். நான் நாடாவை நிறுத்தினேன். அவன் கழுத்தை உயர்த்திப் பாடத் தொடங்கினான்.

அந்த நேரத்தில் தியாகு என்ன சொன்னார் தெரியுமா? இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொண்டிருக்க, ட்ரக்கின் பின்கதவு திறந்திருக்க, என்னைப் பார்த்து, "ரெக்கோர்ட் பண்ணுங்க மிஸ்!" என்றார். பழக்கம். என் கையும் பழக்கத்தில் அழுத்திவிட்டது. உள்ளே இருந்தது வெள்ளவத்தை ஒன்றின் பிரதி என்ற நினைவே வரவில்லை. உங்கள் நாடாவில் பாட்டு நடுவில் அறுவது அதன் மேலேயே நாலின் பாட்டு பதிந்ததனால்தான்.

நாலு பாடி முடித்தான். கடைசியில் நீளமாக ஒன்று, குட்டையாக ஒன்று.

சாவடியில் நின்ற ஒரு சிப்பாய், சின்ன வயதுக்காரன், சத்தம்போட்டுச் சிரித்தான். "சேர், இது எங்கட விசில்!" என்றான் சிங்களத்தில். கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து, வாகனங்களை மறிக்க அந்தச் சாவடியில் வழமையாக ஊதுவதுபோல நீளமாக ஒன்று, குட்டையாக ஒன்று ஊதினான். முட்கம்பியில் இருந்தவன் அவன் பக்கம் திரும்பி அதையே திருப்பிச் சொன்னான். பிறகு ட்ரக்கில் இருந்தவர்களும் சிரித்தார்கள். நான் அழுதேன். அழுதது எனக்கே பிறகுதான் தெரிந்தது.

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. குருவியையே பார்த்துக்கொண்டு நின்றார். "அப்படியானால் இவன்தான் நாலு," என்றார் மெல்ல. பிறகு, காலையில் கேட்ட அதே கேள்வியை அதே தமிழில் கேட்டார்.

"மூணு எங்கே போனான்?"

"தெரியாது, சேர்," என்றேன். "பூனை பிடிச்சிருக்கலாம். இவன் துரத்தியிருக்கலாம். நாங்களும் ஒவ்வொரு காலையும் தேடுறம்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். தியாகுவைப் பிடித்திருந்தவர்கள் கையை விட்டார்கள்.

அன்று பின்னேரம் அந்தத் தெருவில் நடந்து வந்ததைப்போல இலேசாக நான் பிறகு நடந்ததில்லை. சந்திக் கடையில் பிளேன்டீ சொன்னோம். தியாகு ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கோப்பையை வைத்தார். "பகல்ல உங்க மேல வந்த கோவத்துக்கு, மிஸ், அந்தத் தாச்சியாலயே ஒண்ணு போட்டிருப்பேன்," என்றார். பிறகு இருவரும் கடைக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தோம். ஒரு பகல் முழுக்க அடக்கி வைத்திருந்த மூச்சு அது.

அடுத்த நாளிலிருந்து தியாகு ஒவ்வொரு நாடாவையும் "மே குருல்லெக். இது குருவி" என்று தொடங்கினார். முதலில் பகிடிக்கு, பிறகு விதியாக. நீங்களும் உங்கள் பதிவுகளில் பறவையின் பெயரைச் சொல்லுங்கள். உங்களுக்குத் தெரிந்தது கேட்பவருக்கும் தெரியும் என்று நினைக்காதீர்கள். இப்போது உங்கள் கைத்தொலைபேசியிலேயே எல்லாப் பாட்டும் இருக்கிறது, பார்க்க வந்த விருந்தாளி கேட்டால் உச்சி வெயிலிலும் போட்டுக் காட்டுகிறீர்கள். எனக்கு அதைக் காணும்போது பற்றிக்கொண்டு வருகிறது. யார் அவசரப்படுத்தினாலும், யார் கெஞ்சினாலும், வராது என்று தெரிந்தால் வராது என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு, அவரோடு கூடவே இருங்கள்.

நாடாவை அடுத்த கிழமை திருப்பித் தருகிறேன். ஒட்டியதைக் கிழித்துவிட்டுக் கடைசிவரை கேளுங்கள். பாட்டும் விசிலும் முடிந்த பிறகு ஒரு வெறுமை வரும். வழக்கப்படி இடமும் இலக்கமும் சொல்ல வேண்டிய நேரம் அது. தியாகு வாயைத் திறந்தார், குரல் வரவில்லை. எனக்கும் வரவில்லை. நீங்கள் யாரென்று அறியாமல் "ஆட்கள் பேசும் சத்தம்" என்று எழுதிவிட்ட குரல், பீப்பாவின் மேல் குனிந்து, ஒலிவாங்கிக்குக் கிட்ட வாயை வைத்து, தெரிந்த தமிழில் தடுக்கித் தடுக்கிச் சொன்ன அந்த இன்ஸ்பெக்டருடையது:

"இது குருவி. கொட்டாஞ்சேனை நாலு. ரெண்டு பேரும் போகலாம்."